கடைசி பேண்ட் முடியும்வரை

என் பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டியில், அதாவது கேபினெட்டில், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு இருக்கின்றன. நிறுத்தி வைத்தால் நெஞ்சு உயரம் வரும். பேஸ் வாசிப்பவர்கள் அதை ஃபிரிட்ஜ் என்றே சொல்வார்கள். படியில் ஏற்றும்போது எடை முழுதும் கீழே நிற்பவர் மேல் இறங்கும். மேலே நிற்பவர் பின்பக்கமாக நகர்ந்தபடி படிகளை எண்ணிச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "இன்னும் மூணு... ரெண்டு... இப்ப திரும்புது, இடது பக்கம் சாய்." எங்கள் பேண்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்தப் படிகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

நாங்கள் நான்கு பேர். கிட்டார், டிரம்ஸ், ஒரு பாடகன், நான். ஒன்பது வருடமாக ஹார்ட்கோர் வாசிக்கிறோம். ஒரு ஷோவில் நாங்கள் வாசிக்கும் செட் 22 நிமிடம், 14 பாட்டு. அந்த 22 நிமிடத்துக்காகச் சில நாள் ஒன்பது மணி நேரம் வேனில் உட்கார்ந்திருக்கிறோம். "இதுல என்ன கிடைக்குது?" என்று கேட்பவர்களுக்கு நான் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இங்கே முயற்சி செய்கிறேன்.

ஹார்ட்கோர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் பங்க் இசையை இன்னும் வேகமாக, இன்னும் குறுக்கி, அலங்காரம் எல்லாம் கழித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் பிளாக் ஃப்ளாக், வாஷிங்டனில் பேட் பிரெய்ன்ஸ், அப்புறம் மைனர் த்ரெட். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த டி.ஓ.ஏ. 1981-ல் தன் ஆல்பத்தின் பெயரிலேயே ஹார்ட்கோர் என்ற சொல்லை வைத்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல் பரவிவிட்டது. பாட்டு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பாடுவது என்பது பெரும்பாலும் கத்துவது. ஆனால் வேகத்தையும் சத்தத்தையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த இசைக்குப் பெரிய அரங்குகள் கதவைத் திறக்கவில்லை, ரெக்கார்டு கம்பெனிகள் வரவில்லை. அதனால் பேண்டுகளே ரெக்கார்டு வெளியிடும் லேபிள் தொடங்கின, பேண்டுகளே ஷோ வைத்தன. பிளாக் ஃப்ளாக்கின் கிட்டாரிஸ்ட் தொடங்கிய எஸ்எஸ்டி லேபிள்தான் அவர்கள் ரெக்கார்டுகளை வெளியிட்டது. எந்த ஊரில் எந்தக் கூடத்தில் வாசிக்க விடுவார்கள், யார் வீட்டில் படுக்க இடம் கிடைக்கும் என்று பிளாக் ஃப்ளாக், டி.ஓ.ஏ. போன்ற பேண்டுகள் தங்களுக்குள் தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொண்டன. இன்று நாங்கள் வெளியூர் போய் வாசிக்கும் முறை முழுக்க அப்படி, வேனில் போனவர்கள் போட்டுக் கொடுத்த பாதை.

உள்ளூர் ஷோவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உள்ளூரில் முதல் வரிசையில் நிற்பவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் வேறு பேண்டில் வாசிப்பவர்கள். மீதிப் பேர் எங்களோடு படித்தவர்கள், அல்லது அவர்கள் கூட்டி வந்தவர்கள். வரிகள் அவர்களுக்கு மனப்பாடம். பாடகன் மைக்கை நீட்டினால் நாலைந்து பேர் அவன் மேல் ஏறி விழுந்து பாடுவார்கள். மைக்கின் வலைத் தலையை எல்லாரும் கையால் பொத்திப் பிடிப்பார்கள். அப்படிப் பொத்தினால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுக்க ஆரம்பித்துவிடும், உடனே மேடையில் எங்களை நோக்கி இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து ஃபீட்பேக் கூவும். சவுண்ட் பார்ப்பவர் தலையில் கை வைப்பார். எனக்கு அந்தக் கூவல் பிடிக்கும். ஒரு பாட்டைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்ட சத்தம் அது.

ஒரு ஷோ நன்றாக நினைவிருக்கிறது. ஆறாவது பாட்டின் நடுவில் டிரம்மரின் ஸ்நேர், அதாவது அவர் முன்னால் இருக்கும் சின்ன டிரம், தோல் கிழிந்துவிட்டது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். இந்த இசையில் ஸ்நேர் போனால் பாட்டே போய்விடும். வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த அடிதான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள், அடுத்து வாசிக்க இருந்த பேண்டின் டிரம்மர் பக்கவாட்டிலிருந்து குனிந்து வந்தார். கிழிந்ததை ஸ்டாண்டிலிருந்து உருவினார், தன்னுடையதை வைத்தார், ஸ்டாண்டின் பிடியை இறுக்கினார். அந்த நேரம் முழுவதும் எங்கள் ஆள் ஸ்நேர் அடியைப் பக்கத்திலிருக்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமில் போட்டுக்கொண்டே இருந்தான். எட்டு தாளச் சுற்றுக்குள் ஸ்நேர் திரும்ப வந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி இருட்டுக்குள் போய்விட்டார். டிரம்மர்கள் ஸ்நேரை யாருக்கும் எளிதில் கொடுக்க மாட்டார்கள். டிரம் கிட்டைப் பொதுவாக வைத்துக்கொள்வோம், ஆனால் ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மூன்றையும் அவரவர்தான் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் உடைபவை அவைதான். இன்னும் நாற்பது நிமிடத்தில் தான் வாசிக்க வேண்டிய ஸ்நேரை ஒருவர் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார் என்றால், அந்தக் கூடத்தில் நாங்கள் யாரோடு இருந்தோம் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

மேடைக்கு முன்னால் கூட்டம் ஆடும் இடமான பிட் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டமாக ஓடி ஒருவரை ஒருவர் இடிப்பதை வெளியே இருந்து பார்த்தால் சண்டை போலத் தெரியும். உள்ளே ஒரே ஒரு சட்டம்: யாராவது விழுந்தால் தூக்கு. ஷூ கழன்றால், கண்ணாடி விழுந்தால், சுற்றிலும் கை விரித்து இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். இது தானாக வந்த பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பழக்கத்தைக் காப்பாற்றப் பல பேர் உழைத்திருக்கிறார்கள். மைனர் த்ரெட் கலைந்த பிறகு அதன் பாடகர் இயன் மெக்கே தொடங்கிய ஃபுகாஸி, 1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷோ வாசித்தது. கூட்டத்தில் யாராவது அடாவடி செய்தால் பாட்டை நிறுத்திவிடுவார்கள். அப்படியும் கேட்காதவரிடம் டிக்கெட் பணம் 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் பாடகன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். ஒரு முறை உள்ளூரிலேயே, எங்களுக்கு நன்கு தெரிந்த ஒருவன், பின்னால் ஓரமாக நின்ற பெண்கள் மேல் வேண்டுமென்றே போய் விழுந்துகொண்டிருந்தான். பாட்டு நின்றது. "நீ வெளிய போ. காசு வாசல்ல இருக்கு, வாங்கிக்கோ." கூடம் அமைதியாகிவிட்டது. தெரிந்தவனிடம் அதைச் சொல்வது தெரியாதவனிடம் சொல்வதைவிடக் கஷ்டம். அவன் போய்விட்டான், அதன் பிறகு எங்களோடு பேசுவதில்லை. அன்று ஓரமாக நின்ற இரண்டு பெண்கள் அடுத்த ஷோவில் முதல் வரிசையில் நின்றார்கள்.

வயது வரம்பு இன்னொரு பெரிய சண்டை. கைகளில் கறுப்பு மையில் பெருக்கல் குறி போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இளைய பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். 1980 கோடையில் வாஷிங்டனைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற பேண்ட், எல்லாரும் பதின்வயதுக்காரர்கள், பஸ்ஸில் கலிஃபோர்னியா வரை போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸில் அவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கையில் பெரிதாக அந்தக் குறியைப் போட்டார்கள். ஊர் திரும்பியதும் அந்த யோசனையை உள்ளூர் கிளப்பிடம் சொன்னார்கள்: குறி போட்டுவிடுங்கள், சின்னப் பிள்ளைகளையும் உள்ளே விடுங்கள். அந்தப் பேண்ட் கலைந்தபோது வாசித்துச் சேர்த்த காசில் தங்கள் ரெக்கார்டை வெளியிட்டார்கள். அதற்காக 1980-ல் பிறந்ததுதான் டிஸ்கார்ட் லேபிள். நியூயார்க்கின் சிபிஜிபி கிளப்பில் ஞாயிறு மதியம் நடந்த ஹார்ட்கோர் ஷோக்களும் இளையவர்கள் நிறைய வரும் ஷோக்களாகவே இருந்தன. வெளியூர் போன ஒரு பேண்ட் கொண்டுவந்த யோசனை உள்ளூரில் கதவைத் திறந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. ஷோவுக்கு இரண்டு நாள் முன்பு, பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் வரக் கூடாது என்று ஒரு கிளப்பில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் வாசிக்கவில்லை. அன்றைக்கு அது சரியா என்று வேனில் நெடுநேரம் வாதம் செய்தோம். ஏனென்றால் வேறு இடம் கிடைக்கவில்லை, ஷோ ரத்தாகிவிட்டது, மற்ற இரண்டு பேண்டுகளுக்கும் நஷ்டம். இப்போது கேட்டாலும் அதையே செய்வேன். எனக்கு இந்த இசை கிடைத்தபோது வயது பதினைந்து. பதினெட்டு வரை காத்திரு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் வேறு எங்கோ போயிருப்பேன்.

காது பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அமெரிக்காவின் பணியிட சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்குப்படி 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். எங்கள் செட்டே அதைவிட நீளம், எங்களுக்கு முன்னும் பின்னும் வேறு பேண்டுகள் உண்டு. எங்கள் கிட்டாரிஸ்டின் இடது காதில் ஒரு மெல்லிய விசில் நிரந்தரமாக இருக்கிறது. தூங்கும்போது மின்விசிறி ஓட வேண்டும், இல்லையென்றால் அது பெரிதாகக் கேட்கும் என்கிறான். தயவுசெய்து காதடைப்பான் போடுங்கள். முதல் ஷோவிலிருந்தே.

இப்போது வெளியூர்.

முதல் வெளியூர்ப் பயணத்தை நாங்கள் உள்ளூர் ஷோக்கள் கொடுத்த தைரியத்தில் கிளம்பினோம். நான்கு நாள், நான்கு ஊர். வேனில் சாமான் அடுக்குவதே ஒரு தனி வேலை. கனமானவை கீழே, இருக்கைகளை ஒட்டி. பிரேக் அடித்தால் முன்னால் பாயாமல் இருக்க வேண்டும். கிட்டார்கள் கடைசியாக, மேலே. இரவு எங்கே தங்கினாலும் முதலில் இறக்குவதும் அவைதான், வேனில் விட்டுவைத்தால் காலையில் இருக்குமோ இருக்காதோ. ஃபிரிட்ஜைக் கொண்டுபோக முடியாது, அதனால் என் ஆம்ப் ஹெட்டை, ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டியை, மட்டும் எடுத்துக்கொண்டேன். கேபினெட் அங்கே இருக்கிறது என்று ஷோ வைப்பவர் சொல்லியிருந்தார்.

போய்ச் சேர்ந்தால், ஸ்பீக்கர் கேபிளை வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. சரி, முனை ஒன்றுதானே என்று கிட்டார் கேபிளை எடுத்து ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் செருகப் போனேன். ஒரு கை வந்து அதைப் பிடித்தது. "தம்பி, இது வேண்டாம்." அந்த ஷோவை வைத்தவர்தான். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். டிக்கெட்டும் அவர்தான் பார்த்தார், சவுண்டும் அவர்தான் பார்த்தார், கடைசியில் வாசித்த பேண்டில் கிட்டாரும் அவர்தான். கையிலிருந்த கேபிளின் முனையைத் திருகித் திறந்து உள்ளே காட்டினார். நடுவில் தலைமுடி போல மெல்லிய கம்பி, அதைச் சுற்றி வலை. "இது பிக்கப்பிலிருந்து வர்ற சின்ன சிக்னலுக்கு. ஆம்ப் வெளிய தள்ற கரண்டை இது தாங்காது. சூடேறும். அறுந்துச்சுன்னா உங்க வால்வ் ஆம்ப்ல டிரான்ஸ்ஃபார்மர் போயிரும்." அப்புறம் தன் பையிலிருந்து தடித்த கேபிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வெச்சுக்கோங்க, இன்னும் மூணு ஊர் இருக்குல்ல" என்றார். இன்றும் என் ஹெட்டின் பின்னால் தொங்குவது அந்தக் கேபிள்தான்.

அன்று வந்தவர்கள் ஏழு பேர். நான் மேடையில் நின்று எண்ணினேன். ஏழில் ஒருவர் அவர். மூன்று பேர் அவருடைய பேண்ட். மீதி மூன்று பேர் கூடத்தின் பின் சுவரில் சாய்ந்து கை கட்டி நின்றார்கள்.

உள்ளூரில் எங்கள் முதல் பாட்டு தொடங்கினாலே கூடம் அசையும். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. முதல் பாட்டு முடிந்ததும் விழுந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. கிட்டாரிஸ்ட் டியூன் செய்யும் டிக் டிக் சத்தம், டிரம்மர் மூச்சு வாங்குவது, வாசலில் யாரோ செருமுவது, எல்லாம் தெளிவாகக் கேட்டது. அந்த அமைதியில்தான் எங்கள் செட்டில் இருந்த ஓட்டைகள் எங்களுக்குத் தெரிந்தன. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இவ்வளவு நேரம் எடுக்கிறோமா? உள்ளூரில் அந்த இடைவெளியை நண்பர்களின் சத்தம் நிரப்பிவிடும், நாங்கள் அதை எங்கள் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாலாவது பாட்டின் நடுவில் வரும் மெதுவான பகுதி, அங்கே எல்லாரும் கை தூக்கிக் கத்துவார்கள் என்பதால் எட்டு முறை திரும்ப வாசிப்போம். கத்த ஆளில்லாதபோது நாலாவது முறையே அது செத்துவிட்டது.

அன்றிரவு அவர் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு செட்டைப் பிரித்துப் போட்டோம். எட்டை நாலாக்கினோம். இரண்டு பாட்டை எடுத்துவிட்டோம். டியூன் செய்யும்போது ஒருவர் ஃபீட்பேக்கைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அதிலிருந்தே டிரம்மர் அடுத்த பாட்டை எண்ண வேண்டும் என்று முடிவு செய்தோம். இன்றைய எங்கள் செட்டின் எலும்பு அந்த ஏழு பேர் முன்னால் உருவானது. உள்ளூரிலேயே இருந்திருந்தால் இன்னும் எட்டு முறை வாசித்துக்கொண்டிருப்போம்.

பின் சுவரில் கை கட்டி நின்ற மூன்று பேரில் ஒருவர் ஷோ முடிந்ததும் டி-ஷர்ட் வைத்திருந்த மேசைக்கு வந்தார். நாங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். "மூணாவது பாட்டுல என்ன சொல்றீங்க? வரி கேக்கல" என்றார். பாடகன் ஒரு தாளில் முழுப் பாட்டையும் எழுதிக் கொடுத்தான். அவர் அங்கேயே நின்று படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், போய்விட்டார். எங்கள் வரிகளை அவ்வளவு கவனமாகப் படித்த முதல் ஆள் அவர். உள்ளூரில் எல்லாரும் பாடுவார்கள், யாரும் கேட்டதில்லை.

மற்ற மூன்று ஊர்களில் ஒன்று நன்றாகப் போனது, ஒன்று சுமார். மூன்றாவது ஊரில் ஷோ வைத்தவர் நாங்கள் மேடையில் இருக்கும்போதே டிக்கெட்டில் வந்த வாசல் பணத்தோடு போய்விட்டார். கோபம் வந்தது, பெட்ரோலுக்கு டி-ஷர்ட் விற்ற காசு போதுமாக இருந்தது, அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

நான்காம் நாள் பாடகனுக்குக் குரல் போய்விட்டது. வாரத்துக்கு ஒரு ஷோ கத்துவது வேறு, நாலு நாள் தொடர்ந்து கத்துவது வேறு. உள்ளூரில் அவன் தொண்டையிலிருந்து கத்திப் பழகியிருந்தான். வேனில் அவனும் டிரம்மரும் மோசமாகச் சண்டை போட்டார்கள். சண்டைக்குக் காரணம் குரல் என்று அப்போது இருவருக்கும் தெரியாது, தூக்கம் இல்லாததும் பயமும்தான் பேசின. "நான் இறங்கிக்கிறேன்" என்றான். வேனை ஓரமாக நிறுத்தினோம். யாரும் இறங்கவில்லை. அன்று கிட்டாரிஸ்டும் நானும் பாதி வரிகளைக் கத்தினோம், அவன் மீதியைக் கிட்டத்தட்டப் பேசினான். ஊர் திரும்பியதும் அவன் முறையாகக் கற்றுக்கொண்டான்: மூச்சை வயிற்றிலிருந்து தாங்குவது, உண்மையான குரல் நாண்களை இறுக்காமல் அவற்றுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிர வைப்பது, ஷோவுக்கு முன் மெல்ல முனகிக் குரலைச் சூடேற்றுவது, ஷோ முடிந்ததும் சத்தமான கூடத்தில் நின்று பேசாமல் இருப்பது. இந்தக் கடைசி விஷயம்தான் அவனுக்கு மிகவும் கஷ்டம். போன வருடம் எட்டு நாள் தொடர்ந்து பாடினான்.

ஊர் திரும்பி சில மாதம் கழித்து, அந்த ஏழு பேர் ஊரில் வாசித்துவிட்டு வந்த இன்னொரு பேண்ட் மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. அன்று ஷோ வைத்து, கேபிள் கொடுத்த அந்த அண்ணன் எங்களுக்குக் கொடுத்த பணம் வாசலில் வந்தது இல்லை. ஏழு பேரில் நான்கு பேர் அவர்கள் பேண்ட். வாசலில் வந்ததே மூன்று பேருடைய காசு. மீதியைத் தன் சம்பளத்திலிருந்து போட்டு, உறையில் வைத்து, "வாசல்ல வந்தது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். நாங்களும் வாங்கி எண்ணிப் பார்க்காமல் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். ஏழு பேர் என்று மேடையிலிருந்து எண்ணியவன் நான். அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் ஒன்பது பேண்டுகளோடு உள்ளூரில் வாசித்திருக்கிறோம், ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேண்டுக்காவது நாங்கள் ஷோ வைத்திருக்கிறோமா? இல்லை. யாராவது வைப்பார்கள், நாங்கள் வாசிப்போம். வாசித்து முடித்ததும் நண்பர்களோடு வெளியே நிற்போம். உள்ளே வெளியூர்க்காரர்கள் காலிக் கூடத்துக்கு வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதைத் தப்பு என்று நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை.

அதிலிருந்து ஷோ வைக்க ஆரம்பித்தோம். முதல் சில ஷோக்கள் தடுமாற்றம்தான். இதற்கு முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது தைரியம் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் என்ற கூடம் 1986 டிசம்பர் 31 அன்று திறந்தது. தன்னார்வலர்களே நடத்துவது, மது கிடையாது, எல்லா வயதினரும் வரலாம், இனவெறிக்கும் பெண்களை இழிவுபடுத்துவதற்கும் இடமில்லை என்று எழுதியே வைத்திருப்பது. எங்களுக்குச் சொந்தக் கூடம் கிடையாது. ஆனால் கதவில் யார் நிற்பது, தரையை யார் துடைப்பது என்று பெயர் எழுதிப் பிரித்துக்கொள்ளக் கூடம் தேவையில்லை.

மெதுவாகச் சில பழக்கங்கள் படிந்தன. வெளியூர் பேண்டைக் கடைசியில் போட மாட்டோம். கடைசி வண்டியைப் பிடிக்கக் கூட்டம் கலையும், அந்த இடத்தில் உள்ளூர்க்காரர்கள் நாங்கள் வாசிப்போம். வாசல் பணத்தில் முதலில் அவர்கள் பெட்ரோல், அப்புறம் கூட வாடகை, மிஞ்சினால் மற்றவர்கள். வாசலில் நிற்பவர் வந்தவர்களின் எண்ணிக்கையைத் தாளில் கோடு போட்டு வைத்து ஷோ முடிந்ததும் வந்தவர்களிடம் காட்டுவார். எத்தனை மணிக்குச் சாமான் இறக்கலாம், வேன் எங்கே நிறுத்தலாம், எத்தனை படி ஏற வேண்டும், கேபினெட்டின் மின்தடை எத்தனை ஓம், எல்லாம் ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்பிவிடுவோம். படி எண்ணிக்கையை எழுதுவது என் யோசனை. எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு அந்த எண் எவ்வளவு முக்கியம் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், கடைசி பேண்ட் முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. இது எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்டது. களைப்பாக இருக்கலாம், அந்தப் பேண்ட் நமக்குப் பிடித்த மாதிரி வாசிக்காமல் இருக்கலாம். உள்ளே, முன்னால் நிற்க வேண்டும். கை கட்டி நின்றாலும் பரவாயில்லை.

போன வருடம் அந்த அண்ணனின் பேண்ட் எங்கள் ஊருக்கு வந்தது. வரச் சொல்லி நாங்கள் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். போஸ்டர் அடித்தோம், எல்லாருக்கும் சொன்னோம். அன்று மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்த மழை நிற்கவே இல்லை. பதினொரு பேர் வந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நனைந்த தலைகளோடு எல்லாரும் மேடையை ஒட்டி நின்றோம். இப்படி வாசிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பாட்டிலும் கை தளரவில்லை, நிரம்பிய கூடத்துக்கு வாசிப்பது போல வாசித்தார்கள். மூன்றாவது பாட்டிலேயே எங்கள் பாடகன் அவருடைய மைக்கில் தொங்கிக்கொண்டிருந்தான். கூடத்தில் கறுப்புக் குறி போட்ட கைகள் மூன்றுதான் இருந்தன, மூன்றும் மேலே இருந்தன.

சாமான் ஏற்றும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. உறையை அவரிடம் கொடுத்தேன். "வாசல்ல வந்தது அண்ணா." அவர் வாங்கி, திறக்காமல் சட்டைப் பையில் வைத்தார். ஃபிரிட்ஜை இறக்க வேண்டியிருந்தது. எடை தாங்க அவர் கீழ்ப் பக்கம் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்கினார். நான் மேலிருந்து எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தேன். திருப்பத்தில் ஒரு நிமிடம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.

"தம்பி," என்றார், "பதினொரு பேர். நானும் மேடையில இருந்து எண்ணுவேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. குனிந்து மறுபடி தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார்.

"எத்தனை படி இருக்கு?"

"ஒன்பது."